ஆபீஸ் மெயிலுக்கு ஐபோன், சாம்சங், ரெட்மி எல்லாவற்றிலும் ஒரே ஆப் போட்டால் சரியாகுமா?

நீங்கள் கேட்டது: 15 பேர், ஆளுக்கொரு போன். சிலருக்கு மெயில் உடனே வருகிறது, சிலருக்கு ஒரு மணி நேரம் தாமதம். ஒரே ஆப் போட்டால் தீருமா?

பாதிதான் தீரும். ஆப்பைத் தேடுமுன் மெயில் எந்த சர்வரில் இருக்கிறது என்று பாருங்கள்.

மைக்ரோசாஃப்ட் 365 என்றால் யோசிக்கவே வேண்டாம், எல்லாருக்கும் அவுட்லுக் ஆப். ஐபோனின் சொந்த மெயில் ஆப்பிலும் எக்ஸ்சேஞ்ச் (மைக்ரோசாஃப்ட் 365-இன் மெயில் சர்வர்) கணக்கு உடனுக்குடன் வரும்தான். ஆனால் ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது அட்மின் முழு ரிமோட் வைப் (தூரத்திலிருந்தே போனை அழிக்கும் கட்டளை) கொடுத்தால், அதில் போனே மொத்தமாக அழிந்துவிடும், குழந்தை போட்டோ உட்பட. அவுட்லுக் ஆப்பில் அந்த ஆப்புக்குள் இருப்பது மட்டும் போகும். சொந்த போனில் ஆபீஸ் மெயில் பார்ப்பவர்களுக்கு இது பெரிய வித்தியாசம். பழைய போன் பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பக் கேட்டால், வெறும் பாஸ்வேர்டில் நுழையும் முறையை மைக்ரோசாஃப்ட் 2022 அக்டோபரிலிருந்து நிறுத்தத் தொடங்கியதுதான் காரணமாக இருக்கும். கணக்கை நீக்கிவிட்டு, மைக்ரோசாஃப்டின் லாகின் பக்கம் வழியாக மறுபடி சேருங்கள்.

வெப் ஹோஸ்டிங்கோடு வந்த மெயில் என்றால் கதை வேறு. முதலில் யாராவது கணக்கு அமைப்பில் பாப் 3 (மெயிலை சாதனத்துக்கு இறக்கிக்கொள்ளும் பழைய முறை, போர்ட் எண் 995) போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். ஒரு கம்ப்யூட்டர் மெயிலை இறக்கிக்கொண்டு சர்வரிலிருந்து அழித்துவிட்டால், போனில் அந்த மெயில் வரவே வராது. எல்லாரும் ஐமேப் (மெயில் சர்வரிலேயே இருக்க, எல்லாச் சாதனமும் அதையே காட்டும் முறை), போர்ட் 993 என்று வையுங்கள். அனுப்புவதற்கு 465 அல்லது 587. ஐமேப்பில் காலண்டரும் கான்டாக்டும் வராது, அதையும் சொல்லிவிடுங்கள்.

உங்கள் தாமதம் பெரும்பாலும் இங்கேதான். ஐபோன் மெயில் ஆப் சாதாரண ஐமேப் சர்வரிலிருந்து உடனுக்குடன் வாங்காது, குறிப்பிட்ட இடைவெளியில் போய்க் கேட்கும். மெயில் அக்கவுண்ட்ஸ் பகுதியில் 'ஃபெட்ச் நியூ டேட்டா' பாருங்கள். 'ஆட்டோமேட்டிக்கலி' என்று இருந்தால், சார்ஜும் வைஃபையும் இருக்கும்போது மட்டுமே பின்னணியில் மெயில் இறங்கும். (பெயரைப் பார்த்து அதுதான் நல்லது என்று எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.) 15 நிமிடத்துக்கு மாற்றுங்கள், அதற்குக் கீழே கிடையாது. ஐமேப் கணக்கை அவுட்லுக் ஆப்பில் போட்டால் வேகம் கூடும். ஆனால் மெயில் மைக்ரோசாஃப்டின் கிளவுட் வழியாகப் போய் வரும். உங்கள் வாடிக்கையாளர் ஒப்பந்தம் அதை அனுமதிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டில் தண்டர்பேர்ட் என்ற மெயில் ஆப் நேராக சர்வரோடு பேசும், புஷ்ஷும் (மெயில் வந்தவுடன் தெரிவிப்பது) உண்டு.

ஆண்ட்ராய்டில் எந்த ஆப் போட்டாலும் பேட்டரி சேமிப்பு அதைத் தூங்க வைத்துவிடும். ரெட்மியில் ஆப் இன்ஃபோவுக்குப் போய் 'ஆட்டோஸ்டார்ட்' ஆன் செய்து, பேட்டரியை 'நோ ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்று வையுங்கள். சாம்சங்கில் பேட்டரி அமைப்பில் தூங்கக் கூடாத ஆப்களின் பட்டியல் இருக்கிறது, மெயில் ஆப்பை அதில் சேருங்கள். இரண்டையும் செய்யாமல் ஆப்பை மட்டும் மாற்றினால் பழைய புகாரே திரும்பி வரும்.

மாற்றியவுடன் டெஸ்ட் மெயில் அனுப்பிப் பார்ப்பது வீண், கையில் இருக்கும் போனில் எப்படியும் வரும். சார்ஜரைக் கழற்றி, வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் போனை மேசையில் ஒரு மணி நேரம் தொடாமல் வைத்துவிட்டு அப்புறம் அனுப்பிப் பாருங்கள்.