டோக்கியோ எவ்வளவு தூரம்?

அன்புள்ள அண்ணாச்சி,

மகள் டோக்கியோவில் வேலை பார்க்கிறாள். பங்குனியில் நானும் வீட்டம்மாவும் போகிறோம். டெல்லியிலிருந்து டோக்கியோ சுமார் 5,850 கிலோமீட்டர் என்கிறார்கள். விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் போனால் ஆறரை மணி நேரம்தானே? டிக்கெட்டில் போவதற்கு ஏழரை மணி, வருவதற்கு ஒன்பதரை மணி வாக்கில் வருகிறது. ஜப்பான் கடிகாரம் மூன்றரை மணி முந்தியது என்பதைச் சரிக்கட்டிப் பார்த்த கணக்குதான் இது. ஒரே தூரத்துக்கு ஏன் இரண்டு நேரம்?

- ஒரு வாசகர், பாளையங்கோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் வகுத்தல் சரிதான். ஆனால் 5,850 என்பது பூமி உருண்டையின் மேல் நூல் பிடித்து அளந்த தூரம். அந்த நூல் இமயமலையையும் திபெத்தையும் தாண்டிப் போகிறது. சிக்கலே அங்கேதான். நடுவானில் உள்ளே காற்றழுத்தம் குறைந்தால் விமானி உடனே 3,000 மீட்டர் உயரத்துக்கு இறங்கியாக வேண்டும். தலைக்கு மேலிருந்து விழும் முகமூடியில் ஆக்சிஜன் கால் மணி நேரம் வந்தால் பெரிது. திபெத்திலோ தரையே சராசரி 4,500 மீட்டரில் கிடக்கிறது. எங்கே இறங்க? அதனால் பெரும்பாலும் தெற்கே ஒதுங்கி, மியான்மர், தென் சீனம் வழியாகச் சுற்றிப் போகிறார்கள். சில நூறு கிலோமீட்டர் கூடுகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் நேரத்தையும் டிக்கெட்டில் சேர்த்துத்தான் போடுவார்கள்.

மிச்சமிருக்கும் இரண்டு மணி நேர வித்தியாசம் காற்றின் வேலை. ஆடி மாதம் பணகுடியிலிருந்து காவல்கிணற்றுக்கு சைக்கிள் மிதித்திருக்கிறீர்களா? ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். திரும்பும்போது பெடலைத் தொடவே வேண்டாம். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் ஜெட் காற்றும் அப்படித்தான். குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே அது மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டுவதுண்டு. பங்குனியிலும் அதன் வேகம் முழுக்க அடங்கியிருக்காது. இருக்கைத் திரையில் வேகம் காட்டுவார்கள். போகும்போது ஆயிரத்துக்கு மேல் தெரியலாம், வரும்போது எண்ணூறுக்குக் கீழே. எஞ்சின் உழைப்பு என்னவோ ஒன்றுதான்.

இந்தக் காற்றை 1920களிலேயே பலூன் விட்டு அளந்தவர் வாசபுரோ ஓயிஷி என்ற ஜப்பானிய வானிலை அறிஞர். உலகமே படிக்கட்டும் என்று, உலகப் பொதுமொழியாக உருவாக்கிய எஸ்பெராண்டோ மொழியில் அறிக்கை எழுதினார் மனுஷன். உலகம் கண்டுகொள்ளவில்லை. 1944இல் ஜப்பான் மேல் குண்டு போட வந்த அமெரிக்க விமானிகள் அந்தக் காற்றில் சிக்கித் திணறினார்கள்.

என்னைக் கேட்டால், கிலோமீட்டர் கணக்கை விட்டுவிடுங்கள். நம் ஊர்க்காரருக்கு டோக்கியோவைவிட டெல்லிதான் தூரம். வாகைக்குளத்தில், அதாவது தூத்துக்குடி விமான நிலையத்தில் ஏறி, சென்னையில் மாறி, டெல்லியில் காத்துக் கிடப்பதற்குள் ஒரு பகல் போய்விடும். நீங்கள் கவனிக்க வேண்டியது திரும்பி வரும் பயணத்தை. எதிர்காற்று ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். டெல்லியில் இறங்கி, குடியேற்ற வரிசையில் நின்று, பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்டி, உள்நாட்டு விமானத்துக்கு மறுபடி பெட்டி போட வேண்டும். நான்கு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். முழுப் பயணத்தையும் ஒரே டிக்கெட்டாகப் போடுவது உத்தமம். தனித்தனியாகப் போட்டால், முந்தைய விமானம் பிந்தி அடுத்ததைத் தவறவிட்டாலும் நஷ்டம் உங்கள் தலையில்தான் விழும். சென்னையில் இறங்கிய கையோடு எழும்பூருக்கு ஓடி நெல்லை எக்ஸ்பிரஸைப் பிடிக்கிற திட்டமும் வேண்டாம். ஒரு ராத்திரி அங்கேயே தங்கிவிட்டு வாருங்கள்.