பியேர் பெர்ஜே வெறும் கணக்குப் பார்த்தவர்தானா?

கேள்வி இதுதான்: "உடை வடிவமைப்பாளர் ஈவ் சான் லோரான் பெயர் உலகத்துக்கே தெரியும். அவர் கூடவே இருந்த பியேர் பெர்ஜே கணக்குவழக்கு பார்த்தவர் மட்டும்தானா? பிரான்ஸில் அவரை ஏன் பெரிய கலைப் புரவலர் என்கிறார்கள்?"

என் அப்பா தையல்காரர். வெட்டுவதும் தைப்பதும் அவர் வேலை. கடை வாடகை, நூல், லைனிங் துணிக்குக் கடன், காஜா எடுப்பவருக்குக் கூலி, பாக்கி வைத்தவரிடம் போய்ப் பணம் கேட்பது எல்லாம் அம்மா. அப்பா கையில் இருந்த கலை முப்பது வருடம் நின்றது அம்மாவால்தான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் "கணக்குப் பார்த்தவர்" என்று யாரையாவது லேசாகச் சொன்னால் எனக்குப் பொறுக்காது. பெர்ஜேயைப் பற்றி நான் தேடிப் படித்ததும் அதனால்தான்.

அவர் 1930 நவம்பர் 14 அன்று, அட்லாண்டிக் கரையோரம் உள்ள ஒலெரோன் தீவில் பிறந்தார். அம்மா ஆசிரியை, அப்பா வரித்துறை ஊழியர். பள்ளி இறுதித் தேர்வைக்கூட முடிக்காமல் 18 வயதில் பாரிஸுக்கு வந்து, பழைய புத்தகங்களின் முதல் பதிப்புகளைத் தேடிப்பிடித்து விற்றுப் பிழைத்தார். அப்புறம் பெர்னார் புஃபே என்ற இளம் ஓவியரைச் சந்தித்தார். எட்டு வருடம் இருவரும் சேர்ந்து வாழ்ந்தார்கள். ஓவியரின் கண்காட்சி, விற்பனை, பெயர் எல்லாவற்றையும் பெர்ஜே கவனித்துக்கொண்டார். இன்னொருவரின் திறமையை முதலில் கண்டுகொள்வது, பிறகு அதற்கு ஒரு கூரை போட்டுக் கொடுப்பது என்ற வேலையை அவர் பழகியது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

1957இல் பாரிஸின் பெரிய உடை வடிவமைப்பாளர் கிறிஸ்தியான் தியோர் இறந்தபோது, அவருடைய நிறுவனத்தின் வடிவமைப்புப் பொறுப்பு 21 வயது ஈவிடம் வந்தது. 1958இல் பெர்ஜே அவரைச் சந்தித்தார். 1960இல் ஈவ் கட்டாய ராணுவப் பணிக்கு அழைக்கப்பட்டார். சில வாரங்களிலேயே மனம் உடைந்து ராணுவ மருத்துவமனையில் கிடந்தார். தியோர் நிறுவனம் அவர் இடத்தில் வேறொருவரை வைத்துவிட்டது. வேலையும் இல்லை, உடம்பும் சரியில்லை. நமக்கென்று ஒரு நிறுவனம் தொடங்குவோம் என்று இருவரும் முடிவெடுத்தது அந்த நிலையில்தான். தியோர்மீது ஒப்பந்தத்தை மீறியதாக வழக்குப் போட்டு வென்றார்கள். அட்லாண்டாவைச் சேர்ந்த மாக் ராபின்சன் என்ற அமெரிக்க வணிகரை முதல் போட வைத்தார் பெர்ஜே. 1961இல் நிறுவனம் பிறந்தது. 1962 ஜனவரி 29 அன்று முதல் உடை அணிவகுப்பு நடந்தது.

அளவெடுத்துக் கையால் தைக்கும் உயர்ரக உடைகளை வாங்கும் பெண்கள் உலகத்திலேயே மிகக் கொஞ்சம். அதை மட்டும் நம்பினால் கடை ஓடாது. 1966 செப்டம்பரில் பாரிஸின் தூர்னோன் தெருவில் 'ரீவ் கோஷ்' என்ற ரெடிமேட் கடையைத் திறந்தார்கள். பெரிய வடிவமைப்பாளர் ஒருவர் தன் பெயரிலேயே ரெடிமேட் கடை போடுவது அப்போது புதுசு. ஆண்கள் விருந்துக்கு அணியும் டக்சீடோவைப் பெண்ணுக்காக மாற்றி ஈவ் உருவாக்கிய உடையும் அதே வருடம் வந்தது. யோசனை ஈவுடையது. அதைச் சாதாரண வேலைக்குப் போகும் பெண்ணும் வாங்கலாம் என்ற நிலைக்குக் கொண்டு வருவதில் பெர்ஜேயின் பங்கு பெரியது.

1976இல் காதலர்களாகப் பிரிந்தார்கள். குடி, போதை, மனச்சோர்வு என்று ஈவ் பலமுறை விழுந்தார். பெர்ஜே நிறுவனத்தை விட்டுப் போகவில்லை, ஈவையும் விடவில்லை. 1993இல் நிறுவனத்தை எல்ஃப் சனோஃபி என்ற மருந்து நிறுவனத்துக்கு விற்றார்கள். 2002இல் ஈவ் ஓய்வு பெற்றதும் உயர்ரக உடைப் பிரிவு மூடப்பட்டது.

சரி, புரவலர் என்ற பகுதிக்கு வருகிறேன். 1977இல் பாரிஸின் அத்தேனே நாடக அரங்கை எடுத்து நடத்தினார். அங்கே திங்கட்கிழமைதோறும் இசைக் கச்சேரிகளைத் தொடங்கினார். ஜனாதிபதி மித்தரானுக்கு நெருக்கமானவர் என்பதால் 1988இல் பாரிஸ் ஓப்பரா என்ற இசைநாடக நிறுவனத்தின் தலைவர் ஆனார். வந்த வேகத்தில், பாரிஸின் பாஸ்தீ பகுதியில் கட்டிக்கொண்டிருந்த புதிய ஓப்பரா அரங்குக்குக் கலை இயக்குநராக நியமிக்கப்பட்டிருந்த இசை நடத்துநர் டேனியல் பாரன்பாயிமை 1989 ஜனவரியில் நீக்கினார். சம்பளத் தகராறு ஒரு பக்கம். நிகழ்ச்சிகள் பொதுமக்களுக்கானதாக இருக்க வேண்டும் என்ற தகராறு இன்னொரு பக்கம். உலகின் பெரிய இசை நடத்துநர்கள் பலர் கொதித்தார்கள். அவ்வளவு பெரிய கலைஞரை அப்படி அனுப்பியது எனக்கும் உடன்பாடில்லை. கோபக்காரர், பிடிவாதக்காரர் என்ற பெயர் அவருக்குச் சும்மா வரவில்லை.

ஆனால் எய்ட்ஸ் நோயாளிகளை ஊர் ஒதுக்கிய காலத்தில், 1994இல் சிதாக்சியோன் அமைப்பைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். சாகும்வரை அதன் தலைவராக இருந்தார். மியி-லா-ஃபோரேயில் கவிஞர் ழான் கொக்தோ வாழ்ந்த வீடு பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டதும், மெதானில் எழுத்தாளர் எமில் ஸோலாவின் வீடு பழுதுபார்க்கப்பட்டதும் அவர் முயற்சியால்தான்.

என்னை மிகவும் பாதித்தது 2009இல் நடந்த ஏலம். 2008 ஜூன் 1 அன்று ஈவ் இறந்தார். இருவரும் ஐம்பது வருடமாகச் சேர்த்த மத்தீஸ், பிரான்கூசி, மோந்திரியான் போன்ற கலைஞர்களின் படைப்புகள், பழைய வெள்ளிச் சாமான்கள், நாற்காலிகள் எல்லாவற்றையும் மறு வருடம் பிப்ரவரியில் பெர்ஜே விற்றார். ஈவ் இல்லாத பின் அந்தச் சேகரிப்புக்கு அர்த்தமில்லை என்றார். பாரிஸின் கிரான் பலே கண்காட்சி மண்டபத்தில் மூன்றே நாளில் சுமார் 37 கோடி யூரோ வசூலானது. ஒரு பகுதி அவர்களுடைய அறக்கட்டளைக்கும் இன்னொரு பகுதி எய்ட்ஸ் ஆராய்ச்சிக்கும் என்று அறிவித்திருந்தார். ஓவியர் கோயா வரைந்த ஒரு சிறுவனின் படத்தை விற்காமல் லூவ்ர் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்.

அதே ஏலத்தில் எலி, முயல் தலை வடிவில் இரண்டு வெண்கலச் சிற்பங்கள் இருந்தன. 1860இல் பிரெஞ்சு, ஆங்கிலப் படைகள் சூறையாடிய பெய்ஜிங் கோடைகால அரண்மனையைச் சேர்ந்தவை. சீனா திருப்பிக் கேட்டது. மனித உரிமையும் திபெத்துக்குச் சுதந்திரமும் கொடுங்கள், தருகிறேன் என்றார் பெர்ஜே. ஏலத்தில் எடுத்த சீனர் பணம் கட்ட மறுத்துவிட்டார். கடைசியில் 2013இல் தொழிலதிபர் ஃபிரான்ஸுவா பினோ குடும்பம் அவற்றைச் சீனாவிடம் ஒப்படைத்தது. திபெத்தைப் பற்றி அவர் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனாலும் கொள்ளையடித்த பொருளைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசியிருக்கக் கூடாது என்பதே என் கருத்து.

இவ்வளவையும் விற்றவர், ஈவ் வடிவமைத்த உடைகளை விற்கவில்லை. மற்ற நிறுவனங்கள் சீசன் முடிந்ததும் மாதிரி உடைகளைத் தள்ளிவிட்டபோது, இவர்கள் எடுத்து வைத்தார்கள். சுமார் 5,000 உடைகள், 15,000 துணைப்பொருட்கள், அவற்றோடு வரைபடங்கள். 2017இல் அவற்றுக்காக இரண்டு அருங்காட்சியகங்கள் திறந்தன. அக்டோபர் 3 அன்று பாரிஸில், அக்டோபர் 19 அன்று மொராக்கோ நாட்டின் மராகேஷ் நகரில். பெர்ஜே செப்டம்பர் 8 அன்றே, 86 வயதில் இறந்துவிட்டார்.

பாரிஸ் அருங்காட்சியகம் மார்சோ அவென்யூ 5ஆம் எண்ணில், நிறுவனம் இயங்கிய அதே கட்டடத்தில் இருக்கிறது. போனால் மாடியில் ஈவின் வேலை அறையைப் பாருங்கள். மேசை, பென்சில்கள், மூக்குக் கண்ணாடி எல்லாம் அப்படியே இருக்கும். நான் அங்கே நின்றபோது எனக்கு அப்பாவின் மேசை நினைவு வந்தது. அதன்கீழ் இழுப்பறையில் அம்மா வைத்திருந்த பாக்கி நோட்டும்.