கலை வரலாற்று ஆய்வு நிறுவனத்தில் ஓராண்டு: வாசகர் கேள்விகள்

கேள்வி: அடுத்த செப்டம்பரிலிருந்து ஒரு கலை வரலாற்று ஆய்வு நிறுவனத்தில் ஒன்பது மாத ஃபெலோஷிப் கிடைத்திருக்கிறது. அதற்குள் என் ஆய்வேட்டைப் புத்தகமாக எழுதி முடித்துவிடலாம் என்று நினைக்கிறேன். சரியான திட்டமா?

பதில்: எழுதுவதற்கென்றே போனால் அந்த இடம் வீணாகிவிடும். எழுத்து வேலையை வீட்டு மேசையிலும் செய்யலாம். அங்குள்ள ஆவணப் பெட்டிகள் வீட்டுக்கு வராது. ஒன்பது மாதம் என்றாலும் உங்கள் கையில் நிற்பது ஏறக்குறைய ஆறுதான். முதல் சில வாரங்கள் நூலக அட்டை, கணினிக் கணக்கு, அட்டவணைகளைப் பழகுவது என்று போய்விடும். டிசம்பர் கடைசியில் பல நிறுவனங்கள் மூடிவிடும். வாராந்தரக் கருத்தரங்கு, மற்றவர்களின் கட்டுரை வரைவுகளைப் படித்துக் கருத்துச் சொல்வது, உங்கள் சொந்த உரை ஆகியவற்றுக்கும் நாள்கள் வேண்டும். அதைக் குறையாக எண்ணாதீர்கள். பக்கத்து அறையில் இருப்பவர் கேட்கும் கேள்வி ஓர் அத்தியாயத்தையே மாற்றிவிடுவதுண்டு.

டிசம்பர் வரை வேறெங்கும் கிடைக்காததை மட்டும் பாருங்கள்: கடிதங்கள், ஓவிய வணிகர்களின் கணக்கேடுகள், ஏல விலைகள் ஓரத்தில் குறிக்கப்பட்ட பழைய ஏலப் பட்டியல்கள். ஜனவரி, பிப்ரவரியை உரைக்கு ஒதுக்கி, மார்ச்சில் எழுதத் தொடங்குங்கள். கடைசி மூன்று வாரத்தைக் காலியாக விடுங்கள். எழுதும்போதுதான் பக்க எண்ணும் தேதியும் விட்டுப்போனது தெரியும்.

புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பே பெட்டி எண்களைக் குறிப்பிட்டு எழுதிக் கேட்டுவிடுங்கள். சில பெட்டிகள் வெளிக் கிடங்கில் இருக்கும், சில பழுதுபார்ப்பில் இருக்கும். சிலவற்றுக்கு வாரிசுகளின் அனுமதி வேண்டும். போய்ச் சேர்ந்த பிறகு கேட்டால் அந்தப் பதில் வருவதற்குள் உங்கள் காலம் முடிந்துவிடலாம்.

கேள்வி: ஓவியங்கள் எல்லாம் இணையத்திலேயே வண்ணத்தில் கிடைக்கின்றன. புகைப்படக் காப்பகத்தில் உட்கார்ந்து கறுப்பு வெள்ளைப் படங்களைப் புரட்டுவதால் என்ன பயன்?

பதில்: ஃப்ளாரன்ஸில் 1897இல் தொடங்கப்பட்ட கலை வரலாற்று நிறுவனத்தில் 6 லட்சத்துக்கு மேல் புகைப்படங்கள் உள்ளன, லாஸ் ஏஞ்சல்ஸின் கெட்டி ஆய்வு நிறுவனத்தில் சுமார் 20 லட்சம். அவற்றில் பல, இன்று இல்லாத பொருள்களின் படங்கள். 1945 மே மாதம் பெர்லினின் ஃப்ரீட்ரிஷ்ஹைன் விமான எதிர்ப்புக் கோபுரத்தில் பாதுகாப்புக்காக வைத்திருந்த 400க்கும் மேற்பட்ட ஓவியங்கள் தீயில் அழிந்தன. புனித மத்தேயுவும் தேவதூதரும் இருக்கும், இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோவின் ஓவியம் ஒன்றும் அவற்றில் உண்டு. அது எப்படி இருந்தது என்று இன்று நமக்குக் காட்டுவது பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள்தான்.

இருக்கிற ஓவியங்களுக்கும் பழைய படம் தேவை. சுத்தம் செய்வதற்கு முன்பு, மேல்பூச்சு சேர்ப்பதற்கு முன்பு, ஓரம் வெட்டப்படுவதற்கு முன்பு அது எப்படி இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. படம் ஒட்டியிருக்கும் அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பாருங்கள். உரிமையாளர் பெயர், வணிகரின் முத்திரை, ஏலத் தேதி, 'இவருடையது அல்ல, இவருடைய பட்டறை' என்று அறிஞர் ஒருவர் பென்சிலில் எழுதிய கருத்து எல்லாம் அங்கே இருக்கும். படங்கள் பெரும்பாலும் ஓவியர் பெயரில்தான் அடுக்கப்படுகின்றன. இன்னாருடையது என்ற முடிவு மாறும்போது அட்டையும் வேறு பெட்டிக்குப் போய்விடும். ஆகவே ஒரே பெயரில் தேடிவிட்டு 'இல்லை' என்று எழுந்து வராதீர்கள். சீடர்கள், பின்பற்றியவர்கள், பெயர் தெரியாதோர் பெட்டிகளையும் திறந்து பாருங்கள்.

ஏமாற்றும் இடங்களும் உண்டு. 19ஆம் நூற்றாண்டுக் கண்ணாடித் தகடுகள் நீல ஒளியைத்தான் நன்றாகப் பதிவு செய்தன. சிவப்பு அவற்றில் கிட்டத்தட்ட பதியவில்லை. அதனால் நீல அங்கி வெளுத்தும் சிவப்பு அங்கி கறுத்தும் தெரியும். அந்தப் படத்தை வைத்து ஒளி நிழலைப் பற்றி முடிவு செய்யக்கூடாது. நெகட்டிவைப் புரட்டி வைத்து அச்சிட்டதால் இடம் வலமாகிப்போன படங்களும் கலந்திருக்கும். எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாக இருக்கிறதா, வாள் எந்தக் கையில் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வாசிப்பு அறையில் கையுறை கட்டாயமா?

பதில்: புகைப்படத்துக்கும் நெகட்டிவுக்கும் ஆம், நைட்ரைல் (செயற்கை ரப்பர்) கையுறை நல்லது. காகிதத்துக்கும் புத்தகத்துக்கும் கழுவி உலர்த்திய வெறுங்கையே பெரும்பாலும் போதும். பருத்திக் கையுறை விரலின் உணர்வை மழுக்கிவிடுவதால் தாளின் ஓரம் கிழியும். பேனாவுக்கு இடமில்லை, பென்சில் மட்டும்தான். ஒரு நேரத்தில் ஓர் உறையை மட்டும் திறந்து, தாள்களின் வரிசை கலையாமல் திரும்ப வையுங்கள்.

படம் எடுக்க அனுமதி உண்டென்றால் ஒவ்வொரு பெட்டிக்கும் முதல் படமாக அதன் எண் எழுதிய துண்டுச்சீட்டை எடுங்கள். அன்று மாலையே கோப்புகளுக்குப் பெயரிடுங்கள். தள்ளிப்போட்டால் ஒரு மாதத்தில் எது எந்தப் பெட்டி என்பதே தெரியாமல் போகும்.

கேள்வி: புத்தகத்தில் சேர்க்கும் படங்களுக்கு அனுமதி எப்போது கேட்க வேண்டும்?

பதில்: கையெழுத்துப் பிரதி முடியும்வரை காத்திருக்காதீர்கள். அங்கிருக்கும்போதே தொடங்கிவிட்டால் படப் பிரிவில் இருப்பவர்களை நேரில் கேட்கலாம். இதில் இரண்டு வேலை உண்டு: படக்கோப்பைப் பெறுவது ஒன்று, அச்சிடும் உரிமையைப் பெறுவது இன்னொன்று. இரண்டும் ஒரே இடத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஐரோப்பாவில் ஓவியர் இறந்து 70 ஆண்டு ஆகியிருக்காவிட்டால் வாரிசுகளிடமோ அவர்கள் சார்பான அமைப்பிடமோ தனியாகக் கேட்க வேண்டும்.

கடிதத்தில் அச்சுப் பிரதிகளின் எண்ணிக்கை, மொழி, நாடுகள், படத்தின் அளவு, அட்டையா உள்பக்கமா, மின்னூல் உண்டா என்பதையெல்லாம் முதலிலேயே எழுதிவிடுங்கள். மின்னூலை விட்டுவிட்டுப் பிறகு கேட்டால் இன்னொரு கட்டணம் வரக்கூடும். 15 செ.மீ. அகலத்தில் அச்சிட, அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம் ஏறக்குறைய 1,770 பிக்சல் அகலமுள்ள கோப்பு தேவை. திரையில் அழகாகத் தெரியும் 800 பிக்சல் படம் அச்சில் மங்கிவிடும்.

எங்கும் பணம் கட்டுவதற்கு முன் அந்த அருங்காட்சியகம் திறந்த அனுமதி தருகிறதா என்று பாருங்கள். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம், 2017 முதல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் போன்றவை காப்புரிமை முடிந்த ஏராளமான படைப்புகளின் பெரிய கோப்புகளை இலவசமாகவே தருகின்றன. உங்கள் வாதத்துக்கு அதே ஓவியரின் வேறொரு ஓவியமும் பொருந்துமென்றால், இப்படித் திறந்து வைத்திருப்பதைத் தேர்ந்தெடுப்பதில் தவறே இல்லை.