ஐந்து வயது மகளோடு பிக் பிட் சுரங்கத்துக்குள் இறங்கலாமா?

வேல்ஸின் நியூபோர்ட்டுக்குக் குடிவந்து மூன்று மாதம், மகளுக்கு ஐந்து வயது, பிளைனாவன் ஊரிலுள்ள பிக் பிட் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் அவளைக் கூட்டிப்போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போகலாம், தங்கச்சி. அங்கே உயரத்தைத்தான் பார்ப்பார்கள்; ஒரு மீட்டராவது இருக்க வேண்டும். வீட்டிலேயே சுவரோரம் நிறுத்தி அளந்துவிடுங்கள். கொஞ்சம் குறைந்தாலும் உங்களில் ஒருவர் அவளோடு மேலேயே நிற்க வேண்டிவரும்.

பிக் பிட்டில் கரி வெட்டுவது 1980இல் நின்றது. 1983 முதல் அருங்காட்சியகம். ஆனாலும் சுரங்க விதிகள் இன்றும் அப்படியே. கீழே மீத்தேன் வாயு இருக்கலாம், வெடிக்க ஒரு தீப்பொறி போதும். அதனால் போன், பேட்டரி வாட்ச், காரின் ரிமோட் சாவி, லைட்டர், தீப்பெட்டி எல்லாவற்றையும் மேலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். நடக்கும்போது மினுக்கும் குழந்தைச் செருப்பிலும் பேட்டரி உண்டு. சாதாரண ஷூ போட்டுவிடுங்கள். படம் எடுக்கும் ஆசையை மேலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

தலையில் விளக்கோடு ஹெல்மெட், இடுப்பு பெல்ட்டில் விளக்கின் பேட்டரியும் ஆபத்தில் மூச்சுவிட உதவும் கருவியும் மாட்டுவார்கள். எல்லாம் சேர்ந்து 5 கிலோ வரும். இடுப்பு வலிக்காரர்கள் யோசித்து இறங்குவது நல்லது. ஆட்களை இறக்கும் லிஃப்ட் கூண்டு 90 மீட்டர் ஆழம் போகும். சுற்றிவர சுமார் 50 நிமிடம். கூரை தாழ்வான இடங்களில் குனிந்தே நடக்க வேண்டும். வழிகாட்டிகளில் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள் உண்டு. இந்தப் பள்ளத்தாக்கு ஊர்க்காரர்கள் பேசும் ஆங்கிலம் புதிதாக வந்தவர் காதுக்குச் சட்டென்று பிடிபடாது, ஆகவே முன்வரிசையில் நில்லுங்கள்.

ஒரு இடத்தில் விளக்குகளை அணைக்கச் சொல்வார்கள். முகத்துக்கு நேரே பிடித்த கையே தெரியாது. மகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஒரு காலத்தில் காற்றோட்டக் கதவைத் திறந்து மூட அந்த இருட்டில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் அவள் வயதுக்காரர்களும் இருந்தார்கள். பத்து வயதுக்குட்பட்ட பையன்களையும் பெண்கள் எல்லோரையும் சுரங்கத்துக்குள் அனுப்பக் கூடாது என்று 1842இல்தான் சட்டம் வந்தது. கரி வண்டி இழுத்த குதிரைகளின் லாயத்தையும் காட்டுவார்கள், அவளுக்கு அது பிடிக்கும்.

அருங்காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. காலையிலேயே போய்விடுங்கள். மலைமேல் காற்று பலமாக வீசும். கோடையானாலும் மழைக்கோட்டு கையில் இருக்கட்டும்.

இன்னொரு சுரங்க ஊரான அபர்வானை அதே நாளில் சேர்க்காதீர்கள். அங்கே நீரூற்றின் மேல் குவித்த சுரங்கக் கழிவு மேடு மழையில் ஊறி 1966 அக்டோபர் 21 அன்று பள்ளிக்கூடத்தின் மேல் சரிந்தது. இறந்த 144 பேரில் 116 பேர் குழந்தைகள். பள்ளி இருந்த இடம் இப்போது நினைவுத் தோட்டம். பெற்றவர்களும் உடன்பிறந்தவர்களும் இன்றும் வந்துபோகும் இடம் அது. தனியாக ஒரு நாள் ஒதுக்கி, கேமராவைக் காரிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.