கிட்கேட் பியூஸைக் கழற்றி எம்சிபி மாட்டுகையில் மெயின் ஒயர்: 4 போதுமா, 6 வேணுமா?

கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையில் உள்ள ஓட்டு வீட்டில் பழைய பீங்கான் கிட்கேட் பியூஸுக்குப் பதிலாக எம்சிபி (லோடு மீறினால் தானே ட்ரிப் ஆகும் சுவிட்ச்) மாட்டுவதாகவும், பியூஸ் பக்கம் கருகல் வாடை வருவதாகவும் சொல்லி, மெயின் ஒயர் அளவைக் கேட்டிருந்தீர்கள். மீட்டர் முதல் டிபி (எம்சிபிகள் இருக்கும் பெட்டி) வரை 20 மீட்டர், 32 ஆம்பியர் எம்சிபி என்றால் 6 சதுர மி.மீ. காப்பர் போடுங்கள். இப்போதிருக்கும் 4 வேண்டாம்.

நீங்கள் சொன்ன லோடு: ஏசி 1600, கீசர் 2000, அயர்ன் பாக்ஸ் 1000, மோட்டார் 1100. மொத்தம் 5700 வாட். 230 வோல்ட்டில் 25 ஆம்பியர். பைப்புக்குள் போகும் 4 சதுர மி.மீ. ஒயர் 30 டிகிரியில் 32 ஆம்பியர் தாங்கும். ஏப்ரலில் ஓட்டுக்கடியில் 40 டிகிரி வந்தால் அதுவே 28தான். 32 எம்சிபியோ 30 ஆம்பியர் ஓடினாலும் ட்ரிப் ஆகாது, ஒயர்தான் வேகும்.

பியூஸ் பக்கம் கருகல் வாடை வந்ததற்குப் பெரும்பாலும் லூஸ் ஸ்குரூதான் காரணம். பழைய ஒயர் அலுமினியமா என்றும் பாருங்கள், நுனியைச் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும். அலுமினியத்துக்கு இந்தக் கணக்கே வேறு.

அளவில் சந்தேகமா? ஒரு இழையை வெர்னியரில் அளந்து பாருங்கள். விட்டம் × விட்டம் × 0.785 × இழை எண்ணிக்கை. 0.85 மி.மீ.யில் 7 இழை என்றால் 4 சதுர மி.மீ. மேலுறையின் தடிமனைப் பார்த்து ஏமாறாதீர்கள், கடைக்காரரும் அதைத்தான் காட்டுவார்.

உள்ளே லைட்டுக்கு 1.5, ஏசிக்கும் கீசருக்கும் தனித்தனியாக 4. கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியை விட்டுவிடாதீர்கள்.

மீட்டர் சீலை மட்டும் தொடாதீர்கள். அது கேஎஸ்இபி (கேரள மின் வாரியம்) ஆள் வந்து கழற்ற வேண்டியது. மெயின் ஆஃப் செய்தாலும் மீட்டர் பக்க ஒயரில் கரண்ட் இருக்கும்.