வாசகர் கேள்வி–பதில்: வீட்டிலேயே ஆப்பிள் ஃபிரிட்டர்

சென்ற இதழில் பாதுஷாவைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு டெல்டா மாவட்டங்களிலிருந்து எழுதிய வாசகர்களில் பலர், அதே போல எண்ணெயில் பொரித்துச் சீனிப் பூச்சுப் பூசும் மேல்நாட்டுப் பலகாரமான ஆப்பிள் ஃபிரிட்டரைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். எல்லாம் ஒரே பலகாரத்தைப் பற்றிய கேள்விகள் என்பதால் இந்த முறை அவற்றை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன்.

வெளிநாட்டில் இருக்கும் மகன் குடும்பத்தோடு விடுமுறைக்கு வரும்போதெல்லாம், அங்கே கடையில் வாங்கித் தின்னும் ஆப்பிள் ஃபிரிட்டர் வேண்டும் என்று பேரன் கேட்கிறான். இரண்டு முறை செய்து பார்த்தேன். மேலே கருஞ்சிவப்பாகிவிடுகிறது, பிட்டுப் பார்த்தால் உள்ளே மாவு வேகாமல் களி போல ஒட்டுகிறது. மேலே ஊற்றிய சீனிப் பூச்சும் உறையாமல் தட்டில் வழிந்து நிற்கிறது. எங்கே தவறுகிறேன் அம்மா?
— மயிலாடுதுறை வாசகி

நீங்கள் சொல்லும் இரண்டு குறைக்கும் காரணம் ஒன்றுதான், ஈரம். ஆப்பிளின் எடையில் ஏறத்தாழ 85 விழுக்காடு தண்ணீர். பச்சை ஆப்பிளை நறுக்கி மாவில் கலந்தவுடன், மாவில் இருக்கும் சீனியும் உப்பும் அந்தத் தண்ணீரை வெளியே இழுக்கத் தொடங்கிவிடுகின்றன. ஒவ்வொரு துண்டையும் சுற்றி மாவு கூழாகிவிடுகிறது. அந்தக் கூழ் எண்ணெயில் எவ்வளவு நேரம் கிடந்தாலும் ரொட்டி போல வேகாது. வேகவில்லையே என்று நாம் அடுப்பைக் கூட்டுகிறோம், மேல்புறம் கருகுகிறது. ஆகவே ஆப்பிளின் ஈரத்தை வாணலியிலேயே போக்கிவிட்டு, அதன் பிறகு மாவில் சேர்க்க வேண்டும்.

இரண்டு நடுத்தர ஆப்பிள்களைத் தோல் சீவி, கொண்டைக்கடலையைவிடச் சற்றுப் பெரிய துண்டுகளாக நறுக்கிக்கொள்ளுங்கள். அடி கனமான வாணலியில் 1 மேசைக்கரண்டி வெண்ணெயை உருக்கி, துண்டுகளையும் 2 மேசைக்கரண்டி சீனியையும் சேர்த்து மிதமான தீயில் வதக்குங்கள். முதலில் துண்டுகள் தண்ணீர் விட்டுச் சளசளவென்று கொதிக்கும். ஏழெட்டு நிமிடங்களில் அந்தச் சத்தம் மாறிச் சிடசிடவென்று கேட்கத் தொடங்கும். அப்போது கரண்டியால் வாணலியின் அடியில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோட்டின் இருபுறமிருந்தும் சாறு ஓடி வந்து மூடாமல் அடி தெளிவாகத் தெரிந்தால் பதம் சரி. அடுப்பை அணைத்து, 1 தேக்கரண்டி பட்டைப்பொடியும் சில துளி எலுமிச்சைச் சாறும் சேர்த்து, அகலமான தட்டில் பரப்பி முழுவதும் ஆற விடுங்கள். இளஞ்சூடாகக்கூட மாவில் சேர்க்க வேண்டாம். மளிகைக் கடைகளில் கிடைக்கும் தடித்த பட்டையே இந்தப் பலகாரத்துக்குப் போதும். மெல்லிய அடுக்குகளாகச் சுருண்டிருக்கும் இலங்கைச் சுருள்பட்டை இன்னும் மென்மையான மணம் தரும் என்றாலும், ஈஸ்ட் மாவின் வாசனையோடு போட்டியிடத் தடித்த பட்டையின் காரமே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

மாவுக்கு: மைதா 250 கிராம், உடனடி ஈஸ்ட் 5 கிராம், சீனி 30 கிராம், உப்பு அரை தேக்கரண்டி, மென்மையான வெண்ணெய் 30 கிராம், விரல் பொறுக்கும் சூட்டில் பால் 150 மி.லி. கொதிக்கும் பாலை ஊற்றினால் ஈஸ்ட் இறந்துவிடும். வெண்ணெயை மட்டும் கடைசியில் சேர்த்து, மாவு கையை விட்டு மழமழவென்று விலகும்வரை பத்து நிமிடங்கள் பிசைந்து மூடி வையுங்கள். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் முக்கால் மணி நேரத்திலேயே மாவு இரு மடங்காகிவிடும்; மார்கழியில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகலாம். எனவே கடிகாரத்தைப் பார்க்காமல் மாவைப் பாருங்கள்.

உப்பிய மாவைச் சப்பாத்திப் பலகையில் விரித்து, ஆறிய ஆப்பிளைப் பரப்பி, அதன்மேல் 1 மேசைக்கரண்டி மைதாவைத் தூவி, பாய் போலச் சுருட்டுங்கள். பிறகு கத்தியால் குறுக்கும் நெடுக்குமாகக் கொத்திப் போடுங்கள். மாவுத் துண்டுகளும் ஆப்பிளும் கலந்து, பார்ப்பதற்குப் பாழாகிவிட்டது போலத்தான் தோன்றும், அஞ்ச வேண்டாம். கடைகளில் கிடைக்கும் ஃபிரிட்டரின் கரடுமுரடான மேடுபள்ளமும், மொறுமொறுப்பான ஓரங்களும், சீனிப் பூச்சு தேங்கி நிற்கும் குழிகளும் இந்தக் கொத்தலினால்தான் வருகின்றன. அதை ஒன்றாகக் கூட்டிப் பத்துப் பங்காகப் பிரித்து, ஒவ்வொன்றையும் விரல் தடிமனுக்கு மிகாமல் வடை போலத் தட்டி, எண்ணெய் தடவிய வாழையிலைத் துண்டுகளின்மேல் வைத்து அரை மணி நேரம் மீண்டும் உப்ப விடுங்கள். இலையோடு தூக்கி எண்ணெயின் அருகே சாய்த்தால், உப்பிய மாவு அமுங்காமல் வழுக்கி இறங்கிவிடும்.

எண்ணெய் 170 முதல் 175 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்க வேண்டும். வெப்பமானி இல்லாவிட்டால் சுண்டைக்காய் அளவு மாவைக் கிள்ளிப் போடுங்கள். அது அடிக்குச் சென்று, மூன்று நான்கு நொடிகளில் நிதானமாக மேலே வர வேண்டும். போட்டவுடன் சீறி எழுந்து சிவந்தால் சூடு அதிகம். அடியிலேயே தங்கிவிட்டால் சூடு போதாது, பலகாரம் எண்ணெய் குடிக்கும். ஒரு முறைக்கு இரண்டு மூன்றுக்கு மேல் போடாமல், பக்கத்துக்கு இரண்டு முதல் இரண்டரை நிமிடம் பொரித்து எடுங்கள். எடுத்ததைத் தட்டில் அடுக்கினால் அடியில் ஆவி படிந்து நசநசத்துவிடும். கம்பி வலைத்தட்டிலோ கவிழ்த்துப் போட்ட சல்லடையிலோ வையுங்கள். சீனிப் பூச்சைப் பற்றி மன்னார்குடி வாசகி விரிவாகக் கேட்டிருக்கிறார். அவருக்கான பதிலில் உங்கள் இரண்டாவது குறைக்கும் தீர்வு இருக்கிறது.

பாதுஷாவுக்கு வைக்கும் பாகையே இதற்கும் ஊற்றலாமா? வெள்ளைச் சீனி வேண்டாம் என்று வீட்டில் சொல்வதால் வெல்லப்பாகு பயன்படுத்த முடியுமா?
— மன்னார்குடி வாசகி

பாதுஷாவின் மாவு நெய்யால் பிசிறி அடுக்கடுக்காகப் பொரிந்தது. பாகை மேலடுக்கிலேயே தாங்கிக்கொள்ளும். ஈஸ்ட் மாவு அப்படியில்லை. உள்ளெல்லாம் காற்றறைகள் நிறைந்த அது, நீர்த்த பாகைக் கண்டால் உறிஞ்சிக்கொண்டு குலாப் ஜாமூன் போல ஊறிவிடும். ஃபிரிட்டருக்கு வேண்டியது மேலே கண்ணாடி போலப் படிந்து, பற்பட்டதும் நொறுங்கும் மெல்லிய ஏடு. அது காய்ச்சாத பூச்சினால் வருகிறது: நைஸாகப் பொடித்த சீனியில் மிகக் குறைந்த பாலைச் சேர்த்துக் குழைத்துச் சூடான பலகாரத்தின்மேல் ஊற்றினால், அந்தச் சூட்டிலேயே பாலின் ஈரம் ஆவியாகி, சீனி மீண்டும் நுண்ணிய படிகமாக உறைகிறது. ஈரம் கூடுதலாக இருந்தால் உறைய வழியில்லை. மயிலாடுதுறை வாசகியின் தட்டில் வழிந்து நின்றதும் இதனால்தான் என்று எண்ணுகிறேன்.

ஐசிங் சுகர் 200 கிராமுக்குப் பால் 3 மேசைக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு என்பது என் அளவு. பாலை ஒரேயடியாக ஊற்றாமல் கரண்டி கரண்டியாகச் சேர்க்க வேண்டும், ஏனெனில் அரைக் கரண்டி கூடினாலும் பதம் தப்பிவிடும். கரண்டியால் எடுத்து மீண்டும் பாத்திரத்திலேயே விட்டால், விழுந்த பூச்சு நாடா போலச் சில நொடிகள் மேலே தெரிந்துவிட்டுப் பிறகு கரைய வேண்டும். விழுந்தவுடன் மறைந்தால் நீர்த்துவிட்டது என்று பொருள். கடையில் விற்கும் ஐசிங் சுகரில் கட்டி பிடிக்காமலிருக்கச் சிறிது சோளமாவு கலந்தே வருகிறது. வீட்டு மிக்ஸியில் சீனியைப் பொடிப்பவர்கள் 200 கிராமுக்கு 2 தேக்கரண்டி சோளமாவைச் சேர்த்து அரைத்து, மெல்லிய சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள். சலிக்காமல் விட்டால் பல்லில் நறநறக்கும்.

எண்ணெயிலிருந்து எடுத்து இரண்டு மூன்று நிமிடம் கழித்து, கை பொறுக்கும் சூட்டில் பூச்சில் தோய்த்து எடுங்கள். கொதிக்கக் கொதிக்கத் தோய்த்தால் பூச்சு உருகி ஓடிவிடும். முழுவதும் ஆறிய பின் தோய்த்தால் வெள்ளையாகத் தடித்து உட்கார்ந்துவிடும். தோய்த்தபோது ஈரமாக மின்னும் பூச்சு, கால் மணி நேரத்தில் மங்கலான பளபளப்புக்கு மாறும். விரலால் தொட்டால் ஒட்டாது. அதுவரை பொறுத்திருங்கள்.

வெல்லத்தைப் பொறுத்தவரை, அதிரசத்துக்கு அதைவிட உயர்ந்த இனிப்பு இல்லை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அதிரசத்தை மிருதுவாக வைத்திருக்கும் அதே குணம் இங்கே எதிராக வேலை செய்கிறது: வெல்லம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்வதால், பூச்சு உறையாமல் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும். ஆப்பிள் வதக்கும்போது சீனிக்குப் பதிலாக நாட்டுச் சர்க்கரை போடுங்கள்; பட்டையோடு சேர்ந்து அதன் மணம் மிக நன்றாக இருக்கும். மேற்பூச்சுக்கு மட்டும் வெள்ளைச் சீனி இருக்கட்டும், அதையும் வேண்டுமானால் ஒரு பக்கத்துக்கு மட்டும் தோய்த்துக் குறைத்துக்கொள்ளலாம்.

எங்கள் ஊர்ப் பழக்கடையில் சிவப்பு ஆப்பிள்தான் எப்போதும் கிடைக்கிறது. வதக்கினால் மசிந்துவிடுகிறது. எந்த ஆப்பிள் வாங்க வேண்டும்?
— திருவாரூர் வாசகர்

அடியில் ஐந்து முண்டுகளோடு அடர் சிவப்பாக இருப்பது பெரும்பாலும் ரெட் டெலீஷியஸ் வகை. அமெரிக்காவில் தோன்றிய இந்த வகையைச் சிம்லாவுக்கு அப்பாலுள்ள கோட்கர் பகுதியில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நட்டுப் பரப்பியவர் சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர். நம் விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்று, பின்னாளில் சத்யானந்த் ஸ்டோக்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டவர் அவர். அப்படியே கடித்துத் தின்ன இனிய பழம்தான், ஆனால் புளிப்புக் குறைவு, சூட்டில் மாவாகிவிடும். நாள்பட்டதாக இருந்தால் இன்னும் மோசம்.

வதக்குவதற்குப் பச்சை நிற கிரானி ஸ்மித் சிறந்தது. ஆஸ்திரேலியாவில் 1868ஆம் ஆண்டு வாக்கில் மரியா ஆன் ஸ்மித் என்ற மூதாட்டியின் தோட்டத்தில் தோன்றிய வகை அது. அதன் புளிப்பும் கெட்டித்தன்மையும் சூட்டைத் தாங்கும். தஞ்சாவூர், கும்பகோணம் போன்ற ஊர்களின் பெரிய பழக்கடைகளில் கிடைக்கும், விலை சற்றுக் கூடுதல். கிடைக்காவிட்டால் ஆடி, ஆவணியில் புதிதாக வந்து இறங்கும் சிம்லா ஆப்பிள்களில் காம்பருகே அழுத்தினால் அமுங்காத, கெட்டியான பழமாகப் பார்த்து எடுங்கள். துண்டுகளைச் சற்றுப் பெரிதாக நறுக்கி, தீயைக் கூட்டி விரைவாக வதக்கி, எலுமிச்சைச் சாற்றை ஒரு தேக்கரண்டியாக உயர்த்திக்கொண்டால் போதும்.

பள்ளிவிட்டு வரும் குழந்தைகளுக்கு மாலைச் சிற்றுண்டியாகச் செய்ய விரும்புகிறேன். ஈஸ்ட் புளிக்கும்வரை காத்திருக்க நேரமில்லை. முட்டையும் சேர்ப்பதில்லை. வேறு வழி உண்டா?
— பாபநாசம் வாசகி

உண்டு. மைதா 150 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றரை தேக்கரண்டி, சீனி 2 மேசைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை ஆகியவற்றைக் கலந்து, கெட்டித் தயிர் 2 மேசைக்கரண்டியும் பால் சுமார் 100 மி.லி.யும் விட்டு, போண்டா மாவைவிடச் சற்றுக் கெட்டியாகக் கரைத்துக்கொள்ளுங்கள். அடித்துக் கலக்காதீர்கள், மாவு இழுவை கண்டுவிடும். வதக்கி ஆறிய ஆப்பிளைச் சேர்த்துக் கரண்டியால் எடுத்து எண்ணெயில் விட்டு, கரண்டியின் பின்புறத்தால் இலேசாகத் தட்டையாக்கி விடுங்கள். முந்தைய நாள் இரவே ஆப்பிளை வதக்கிக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டால் மாலையில் அரை மணி நேர வேலை. ஈஸ்ட் சேர்த்ததன் மணமும் இழைவும் இதில் வராது, ஆனால் பசியோடு வரும் குழந்தைகளின் முன் இது தாராளமாக நிற்கும்.

இது அமெரிக்கப் பலகாரம்தானா?
— பொறையாறு வாசகர்

ஈஸ்ட் மாவில் கொத்திப் போட்டுச் சீனிப் பூச்சுப் பூசும் வடிவம் அமெரிக்க டோனட் கடைகளில் வளர்ந்தது. ஆப்பிளை மாவில் தோய்த்துப் பொரிக்கும் வழக்கமோ ஐரோப்பாவில் மிகப் பழையது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த இங்கிலாந்து அரண்மனைச் சமையல் குறிப்புகளிலேயே அது இருக்கிறது. உங்கள் ஊருக்கு அருகிலேயே, 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடியை வைத்திருந்த டேனிஷ்காரர்களின் நாட்டில் எப்லெஸ்கீவர் என்றொரு பலகாரம் உண்டு. அச்சொல்லுக்கு ஆப்பிள் துண்டுகள் என்று பொருள். இன்று அதில் பெரும்பாலும் ஆப்பிள் இருப்பதில்லை. நம் பணியாரக்கல்லைப் போலவே குழிகள் உள்ள கல்லில் உருண்டையாக வார்க்கிறார்கள்.

கடலை எண்ணெயில் பொரிக்கலாமா? மீந்த எண்ணெயை என்ன செய்வது?
— பட்டுக்கோட்டை வாசகி

சுத்திகரித்த கடலை எண்ணெய் மிகவும் ஏற்றது. செக்கில் ஆட்டியதில் வேர்க்கடலை வாசம் தூக்கலாக இருப்பதால் ஆப்பிளின் மணம் அடங்கிவிடும், நல்லெண்ணெயைத் தவிர்த்துவிடுங்கள். உதிர்ந்த ஆப்பிள் துணுக்குகள் எண்ணெயில் கருகிக் கசப்பேற்றும், ஆகவே ஒவ்வொரு ஈடு எடுத்ததும் ஜாரணியால் அரித்துவிடுங்கள். ஆறிய பின் துணியில் வடிகட்டினால் தாளிப்புக்கு ஓரிரு நாள் பயன்படும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் செய்தால் இரவுக்குள் பூச்சு வியர்த்துவிடுகிறது. எப்படிப் பாதுகாப்பது?
— நாகப்பட்டினம் வாசகி

கடற்காற்றும் மழையும் சேரும் உங்கள் ஊரில் இது தவிர்க்க முடியாதது. தஞ்சாவூரில் என் வீட்டிலும், கார்த்திகை தீபத்தன்று காலையில் செய்து மூடி வைத்தவை, விளக்கேற்றும் நேரத்துக்குள் ஈரம் விட்டுப் பாத்திரத்தின் அடியில் சீனித் தண்ணீராக நின்றன. சூடு ஆறுவதற்குள் மூடியதும் அதற்கு ஒரு காரணம். அன்றிலிருந்து மழைக் காலத்தில் நான் பூச்சில்லாமல் பொரித்து, முழுவதும் ஆறிய பின் காற்றுப் புகாத டப்பாவில் வைத்துவிடுகிறேன். உண்ணும் நேரத்தில் தோசைக்கல்லைச் சிறு தீயில் வைத்து, எண்ணெய் விடாமல் பக்கத்துக்கு இரண்டு நிமிடம் சூடாக்கி, அப்போதுதான் பூச்சில் தோய்க்கிறேன். மறுநாள் வரை இப்படி வைத்துக்கொள்ளலாம். மூன்றாம் நாளுக்கு மிச்சம் வைக்காதீர்கள், ஆப்பிள் புளித்துவிடும். குளிர்பெட்டியில் வைத்தால் மாவு விறைத்துவிடுவதால், பொரித்ததை அங்கே வைக்க வேண்டாம். வதக்கிய ஆப்பிளை மட்டும் அங்கே மூன்று நாள் வைக்கலாம்.