குற்றப்பரம்பரைச் சட்டம் பத்தி எம்.ஏ. தீசிஸ் – பதில்

சட்டப் பிரிவுகள மட்டும் வெச்சு எழுதினா மானிடவியல் ஆகாதுன்னு கைடு திருப்பி அனுப்பிட்டாருன்னு போட்டிருக்கீங்க, அவர் சொல்றது சரிதாங்க. சில சமூகங்கள பொறப்பாலயே குற்றவாளிங்கன்னு பட்டியல் போட்ட அந்த பிரிட்டிஷ் சட்டத்துல (1871ல வந்தது, மதராஸ் மாகாணத்துக்கு 1911ல) என்ன இருக்குன்னு கூகுள்லயே கெடைக்கும், நீங்க அந்தப் பட்டியல்ல இருந்த பிரமலைக் கள்ளர்கள் வாழுற மதுரை மாவட்டம் உசிலம்பட்டி பக்கம் போய் கைரேகை வெச்சது, ராத்திரி ஸ்டேஷன்ல போய்ப் படுத்தது, வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்கினது பத்தியெல்லாம் பெரியவங்ககிட்ட கேளுங்க, சீட்டு எழுதினது யாரு, யாருக்குக் குடுக்க மாட்டேன்னாங்க, அதிகாரம் அங்கதான் தெரியும். எதிர்ப்புன்னா கைரேகை வைக்க மறுத்தவங்க மேல போலீஸ் சுட்ட 1920 பெருங்காமநல்லூர் துப்பாக்கிச்சூட்டோட நிறுத்திடாதீங்க (எல்லாரும் அதத்தான் எழுதுறாங்க), மதுரை வக்கீல் ஜார்ஜ் ஜோசப் கள்ளர்களுக்காகப் போராடினதயும் சேருங்க. அப்புறம் இப்போ டிஎன்டி (சீர்மரபினர், அதாவது அந்தப் பட்டியல்ல இருந்து பின்னாடி நீக்கப்பட்டவங்க) சர்டிபிகேட் கேட்டு மனு போடுறவங்களயும் பாருங்க, தாத்தாவ அடைச்சு வெச்ச அதே பட்டியல்தான் பேரனுக்கு ஆதாரம். நானா இருந்தா அந்த மனுக்கள்ல இருந்துதான் தீசிஸ ஆரம்பிப்பேன்.